பழைய பொருள் பயிலரங்குகள்: குப்பையைக் குறைப்பவையும் தள்ளிப்போடுபவையும்

குடியிருப்போர் நலச் சங்கங்களும் கல்லூரிகளும் மகளிர் சுய உதவிக் குழுக்களும் இப்போது, பழைய பொருளைப் பயனுள்ள வேறு பொருளாக மாற்றக் கற்றுத்தரும் ‘அப்சைக்கிளிங்’ பயிலரங்குகளை ஆர்வத்துடன் நடத்துகின்றன. ஆடைத் தயாரிப்புத் துறையிலிருந்து வந்து இத்தகைய பயிலரங்குகளில் தையல் கற்பிப்பவன் என்ற முறையில், அழைப்பவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்: இங்கே செய்யப்போகும் பொருள் வீட்டுக்குப் போனபின், கடையில் எதை வாங்காமல் இருக்கச் செய்யும்? விடை இல்லையென்றால், அந்தப் பயிலரங்கு குப்பையைக் குறைக்கப்போவதில்லை. அந்தக் குப்பை சில மாதங்கள் அலமாரியில் தங்கிவிட்டுத் தொட்டிக்குப் போகும், அவ்வளவுதான்.

பெரும்பாலான இடங்களில் முதலில் மேசைக்கு வருவது பாட்டில். கண்ணாடி பாட்டிலையும் தண்ணீர் பாட்டிலையும் பழைய பேப்பர் கடையில் எடைக்கு எடுத்துக்கொள்கிறார்கள். அவற்றுக்கு ஏற்கெனவே ஒரு வழி இருக்கிறது. குடிநீர் பாட்டிலின் பிளாஸ்டிக், பாலியஸ்டர் இழையாகவே மறுசுழற்சி ஆகிறது. அதன்மேல் பெயின்ட் பூசி, பசை தடவி, மினுக்குத் தூளை ஒட்டிவிட்டால் அதைக் கடைக்காரர் தொடமாட்டார். நல்ல எண்ணத்துடன் செய்த வேலை, விலைபோகும் பொருளை விலைபோகாத குப்பையாக்கிவிடுகிறது. செய்தித்தாள், அட்டைப்பெட்டி, அலுமினியக் கேன் ஆகியவற்றுக்கும் இதே கதைதான்.

பயிலரங்குக்கு உகந்தது, யாரும் எடைக்கு எடுக்காத பொருள். அதில் முதலிடம் வீட்டுப் பழைய துணிக்கு. திருப்பூர்ப் பின்னலாடை ஆலைகளின் வெட்டுத் துண்டுகளுக்கு ஒரு சந்தை உண்டு. இயந்திரம் துடைக்கும் துணியாகவும் மீண்டும் நூலாகவும் அவை விற்கப்படுகின்றன. வீட்டில் கிழிந்த சுடிதாருக்கும் சாயம்போன பாலியஸ்டர் சேலைக்கும் அப்படி ஒரு சந்தை இல்லை. அவை தூய்மைப் பணியாளரின் வண்டியில் ஏறிக் கிடங்குக்குப் போகின்றன. அங்கே பழைய குப்பையைச் சலித்துப் பிரிக்கும் பயோமைனிங் பணியின்போது, நீண்ட துணிகள் சுழலும் சல்லடையில் சுற்றிக்கொண்டு வேலையை நிறுத்துகின்றன. பிரித்தெடுத்த துணியும் பிளாஸ்டிக்கும் பெரும்பாலும் சிமென்ட் ஆலைகளில் எரிபொருளாகின்றன. எரிந்து முடிவதற்கு முன் அந்தத் துணிக்கு இன்னும் சில ஆண்டுகள் உழைப்பு தர முடியுமா என்பதே பயிலரங்கு எடுத்துக்கொள்ள வேண்டிய வேலை.

அதற்குத் துணியை அறிந்திருக்க வேண்டும். ஓரத்திலிருந்து சில இழைகளை உருவி, இடுக்கியில் பிடித்துத் தீயில் காட்டினால், பருத்தி காகிதம் எரியும் வாசனையுடன் எரிந்து மென்சாம்பலாகும். பாலியஸ்டர் சுருங்கி உருகி, ஆறியதும் கறுத்த கெட்டி மணியாக நிற்கும். பள்ளிச் சீருடைகள் பல இரண்டும் கலந்தவை. இது வெறும் ஆய்வக வேடிக்கை இல்லை. பயிலரங்குகளில் பெண்கள் விரும்பித் தைப்பது அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்கும் பிடிதுணி. பாலியஸ்டர் சுமார் 250 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் உருகிக் கையில் ஒட்டும் என்பதால், கலப்புத் துணியில் பிடிதுணி தைக்கவே கூடாது. பிடிதுணி, பாத்திரம் துடைக்கும் துணி, மிதியடி ஆகியவற்றுக்குப் பருத்தி. பைக்கும் உறைக்கும் பாலியஸ்டர். கம்பி உடைந்த குடையின் துணி சிறிதளவு நீரைத் தாங்கும். மடித்துக் கைப்பையில் வைக்கும் பைக்கு அதைவிட நல்ல துணி கிடைப்பது அரிது. ஃப்ளெக்ஸ் பேனரை மட்டும் நான் தவிர்க்கிறேன். அது பி.வி.சி. என்ற பிளாஸ்டிக் பூசியது, தைத்த பை கிழிந்தபின் யாராவது எரித்தால் நச்சுப் புகை வரும்.

சேலைக் கணக்கு ஒன்றைச் சொல்கிறேன். ஆறு கஜச் சேலை ஏறக்குறைய ஐந்தரை மீட்டர் நீளம், ஒரு மீட்டருக்குச் சற்று அதிக அகலம். காய்கறி வாங்கும் அளவுள்ள பைக்கு 42 சென்டிமீட்டர் அகலமும் 85 சென்டிமீட்டர் நீளமும் உள்ள துண்டு போதும் என்பதால், அகலத்தில் இரண்டாக, நீளத்தில் ஆறாக, 12 பைகள் வரும். எஞ்சும் கரைப் பக்கம் கைப்பிடியாகும். மெலிந்த துணியை இரட்டையாக வைத்துத் தைத்தால் 6 பைகள்.

தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்கள் 2019 ஜனவரி 1 முதல் தடைசெய்யப்பட்டு, 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கமும் தொடங்கப்பட்டபின், பை தைக்கும் பயிலரங்குகள் பெருகின. ஆனால் பல இடங்களில் புதுக் காடாத் துணியைக் கட்டுக்கட்டாக வாங்கித் தைத்து, அதன்மேல் வாசகம் அச்சிட்டுக் கொடுக்கிறார்கள். பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011இல் வெளியிட்ட ஆய்வின்படி, மெல்லிய பாலிதீன் பை ஒன்றை ஒரே முறை பயன்படுத்துவதால் ஏற்படும் புவி வெப்பமாதல் பாதிப்புக்கு ஈடாக, புதிய பருத்திப் பை ஒன்றை 131 முறை பயன்படுத்த வேண்டும். பருத்தி விளைச்சலிலும் நூற்பிலும் ஏற்படும் பாதிப்பே அதற்குக் காரணம். பழைய சேலையில் தைத்த பைக்காகப் புதிதாக எதையும் விளைவிக்கவோ நூற்கவோ வேண்டியதில்லை. ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் புதுப் பை வாங்கி வீட்டில் இருபது பை சேர்த்திருப்பவர்களுக்கு இன்னொரு பை தேவையுமில்லை. அவர்களுக்கு நான் கிழிந்த பையின் கைப்பிடியை மாற்றக் கற்றுக்கொடுக்கிறேன்.

எல்லாப் பயிலரங்கும் குப்பையின் எடையைக் குறைப்பதற்காகவே நடக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆரோவில்லின் உபாசனா நிறுவனம், 2004 சுனாமிக்குப் பிறகு, சுற்றுவட்டார மீனவப் பெண்களுக்கு, ஆடைத் தயாரிப்பில் மிஞ்சிய துணித் துண்டுகளில் ‘சுனாமிகா’ என்ற சிறு பொம்மை செய்யக் கற்றுக்கொடுத்தது. விலை வைக்காமல் அன்பளிப்பாகவே அந்தப் பொம்மைகள் பல நாடுகளுக்குச் சென்றன. அதில் பயன்பட்ட துணி சொற்பம்தான். கடலை நினைத்தாலே நடுங்கியவர்கள் ஒன்றாக உட்கார்ந்து கைவேலை செய்ததும், நன்கொடைகளின் வழியே வருவாய் கிடைத்ததுமே அதன் பயன். அந்த நோக்கம் தெளிவாக இருந்தது. நம் பயிலரங்கும் எதற்காக நடக்கிறது என்பதை முன்கூட்டியே தெளிவாகச் சொல்லிவிடலாம்.

குப்பையைக் குறைப்பதே நோக்கமென்றால், புதுப்பொருள் செய்வதைவிடப் பழுதுபார்ப்பதற்குத்தான் பலன் அதிகம். பழுதான பொருள்களைக் கொண்டுவந்து தன்னார்வலர்களுடன் சேர்ந்து சரிசெய்யும் ‘ரிப்பேர் கஃபே’, ஆம்ஸ்டர்டாமில் 2009இல் தொடங்கி, இந்த வழியில் பல நாடுகளுக்குப் பரவியது. ஜிப் மாற்றுவது, ஜீன்ஸின் தொடைக் கிழிசலுக்கு உள்பக்கம் துணி வைத்துத் தைப்பது, காலர் திருப்புவது ஆகிய மூன்றையும் கற்றவர், தூக்கி எறியவிருந்த உடையை அப்படியே உடுத்துவார். சின்னதாகிப்போன சீருடைக்குத் தையலே வேண்டாம். கீழ் வகுப்புக் குழந்தைக்குக் கைமாற்ற ஒரு மேசை போட்டால் போதும்.

பயிலரங்கே குப்பையை உண்டாக்கும் என்பதையும் அமைப்பாளர்கள் கணக்கில் கொள்ள வேண்டும். வாசலில் ஒரு தராசு வைத்து, வந்த துணியின் எடையையும், பொருளாகத் திரும்பிய எடையையும், மீந்த வெட்டுத் துண்டுகளின் எடையையும் எழுதி வையுங்கள். மீந்தவை ஜிப் வைத்த மெத்தை உறைக்குள் திணிக்கப் பயன்படும். அதற்குமேலும் மீந்தால், அடுத்த முறைக்குச் சிறு துண்டுகளையே கொண்டு ஒட்டுத்துணி மிதியடி தைக்கத் திட்டமிடலாம். கற்பிக்க வெளியூரிலிருந்து என்னைப் போன்றவர்களை அழைப்பதைவிட, அந்தத் தெருவிலேயே கடை வைத்திருக்கும் தையல்காரருக்கு அன்றைய வருமானத்துக்குக் குறையாத ஊதியம் கொடுத்து உட்கார வையுங்கள். பயிலரங்கு முடிந்த மறுவாரம் கிழிந்த ஜிப்போடு எங்கே போவது என்று யாரும் தேட வேண்டியிருக்காது.