டிரேட் கன் என்றால் பண்டமாற்றுத் துப்பாக்கி

குழல்வாய் வழியாக மருந்தும் குண்டும் கெட்டிக்கும் பழைய பாணித் துப்பாக்கிகளில் ஆர்வமுள்ளவர்கள் 'ஃபிளின்ட்லாக் டிரேட் கன்' என்று ஒன்றைச் சொல்வார்கள். இதை 'வணிகத் துப்பாக்கி' என்று தமிழாக்கினால் ஒன்றும் விளங்காது. விற்பனைக்கு வராத துப்பாக்கி ஏது? இங்கே டிரேட் என்பது காசுக்கு விற்பதல்ல, பண்டமாற்று. வட அமெரிக்கப் பழங்குடி வேட்டைக்காரர்கள் பீவர் என்ற நீர்வாழ் கொறிவிலங்கின் தோலைக் கொண்டுவந்து கொடுத்து, பதிலுக்கு வாங்கிச் சென்ற துப்பாக்கி இது. 1670இல் தொடங்கிய ஆங்கிலேயத் தோல் வணிக நிறுவனமான ஹட்சன் பே கம்பெனியின் கிடங்குகளில் கம்பளி, கெண்டி, கோடாரி எல்லாவற்றுக்கும் பீவர் தோல் கணக்கில்தான் விலை. ஆகவே 'பண்டமாற்றுத் துப்பாக்கி' என்பதே சரியான தமிழ். (துப்பாக்கியை நிறுத்திவைத்து அதன் உயரத்துக்குத் தோல்களை அடுக்கச் சொன்னார்கள் என்று ஒரு கதை உண்டு. கதைதான். கம்பெனியின் விலைப்பட்டியல்களில் ஒரு துப்பாக்கிக்கு இத்தனை தோல் என்று எண்ணிக்கையே இருக்கிறது.)

இதே வகைச் சரக்கு மேற்கு ஆப்பிரிக்கக் கடற்கரைக்கும் போனது. பர்மிங்காம் பட்டறைகளில் செய்த மலிவுத் துப்பாக்கிகளை அங்கே இறக்கி, அடிமைகளாக மனிதர்களை ஏற்றிச் சென்றார்கள். டிரேட் என்ற சொல்லுக்குள் அதுவும் இருக்கிறது.

அடுத்தது ஃபிளின்ட்லாக். ஃபிளின்ட் என்றால் நெருப்புக்கல். லாக் என்பதைப் பார்த்துப் 'பூட்டு' என்று எழுதிவிடக் கூடாது. சுடவைக்கும் விசைப்பொறிக்குத்தான் அந்தப் பெயர். கலைச்சொல்லாகத் 'தீக்கல்லியக்கி' என்று ஆக்கியிருக்கிறார்கள். தவறில்லை. ஆனால் நம்மிடம் ஏற்கெனவே சக்கிமுக்கி இருக்கிறதே! அதுவும் வெளியிலிருந்து வந்த சொல்தான்: துருக்கி மொழியில் 'சக்மக்' என்றால் தட்டி நெருப்பு உண்டாக்குவது. துப்பாக்கியும் அதே மொழியின் 'துஃபெக்' என்பதிலிருந்து வந்தது. ஈழத்தில் துவக்கு என்பதும் அதன் உறவுதான். ஃபிளின்ட்லாக் துப்பாக்கிக்குத் துருக்கியர் சொல்லும் பெயர் 'சக்மக்லி துஃபெக்'. சக்கிமுக்கித் துப்பாக்கி என்று நாம் சொன்னால் ஏறக்குறைய அதையேதான் சொல்கிறோம். பிரெஞ்சுக்காரர்களின் 'ஃபியூசில்' என்ற சொல்லும் முதலில் நெருப்புக்கல்லைத் தட்டும் எஃகுத் துண்டைத்தான் குறித்தது. துப்பாக்கிக்கு ஆனது பிறகு. டிரேட் கன்னைப் பழைய ஆங்கிலக் கணக்கேடுகளில் 'ஃபியூசி', 'ஃபியூக்' என்றெல்லாம் எழுதியிருப்பது அந்தப் பிரெஞ்சுச் சொல்லின் திரிபு.

விசைப்பொறி வேலை செய்யும் விதம் இது. தோல் துண்டில் சுற்றிய கல்லைக் குதிரை எனப்படும் சுத்தியல் போன்ற பாகத்தின் வாயில் இறுக்கியிருக்கும். விசையை இழுத்தால் குதிரை பாய்ந்து எதிரே நிற்கும் எஃகுத் தகட்டைச் சுரண்டும். பறக்கும் தீப்பொறி கல்லிலிருந்து வருவதில்லை. கல் சீவியெடுத்த எஃகுத் துகள்தான் எரிகிறது. அடிபட்ட வேகத்தில் தகடு குழல்வாய்ப் பக்கமாகச் சாய்ந்து அடியிலுள்ள கிண்ணியைத் திறந்துவிட, அதிலிருக்கும் ரஞ்சகம், அதாவது நுண்பொடி மருந்து, பற்றிக்கொள்ளும். பக்கவாட்டுத் துளை வழியாக அந்த நெருப்பு குழலுக்குள் போனால்தான் வெடி. கிண்ணியோடு புகைந்து நின்றுவிடுவதும் உண்டு.

இந்தப் பொறி இருப்பதாலேயே எல்லாம் டிரேட் கன் ஆகிவிடாது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் உருவம் நிலைபெற்ற 'நார்த்வெஸ்ட் கன்' என்ற வகைக்குத் தனி அடையாளங்கள் உண்டு. எடை சுமார் 3 கிலோதான். உள்ளே புரி வெட்டாத வழுவழுப்பான குழல், அதனால் ஒற்றைக் குண்டும் போடலாம், சிறு ரவைகளும் போடலாம். அளவு பெரும்பாலும் 24 கேஜ்: ஒரு பவுண்டு ஈயத்தில் 24 உருண்டை பிடித்தால் ஓர் உருண்டை இருக்கும் பருமன், அதாவது அங்குலக் கணக்கில் .58. விசையைச் சுற்றியுள்ள இரும்பு வளையம் மிகப் பெரிது. பனிக் கையுறையோடு விரல் நுழைய என்பார்கள், இரண்டு விரலால் இழுக்க என்பாரும் உண்டு. விசைப்பொறிக்கு எதிர்ப்பக்கம் பித்தளையில் வார்த்த, உடலை நெளித்துக் கிடக்கும் பாம்புத் தகடு. இந்தப் பாம்பு இல்லாத துப்பாக்கியை வாங்குபவர்கள் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். சரக்கு அசல் என்பதற்கு அதுதான் முத்திரை. லண்டனில் பார்னெட் செய்தாலும் பெல்ஜியத்தின் லியேழில் போலி செய்தாலும் பாம்பைப் பதிக்காமல் அனுப்பவில்லை.

படைகள் கேப், அதாவது அடித்தால் வெடிக்கும் மருந்து அடைத்த சிறு உலோக மூடி, வைத்துச் சுடும் பொறிக்கு மாறிய பிறகும் பல பத்தாண்டுகள் காட்டுக்குள் சக்கிமுக்கியே ஓடியது. காரணம் எளிது. கேப் தீர்ந்தால் துப்பாக்கி வெறும் தடி. கல் போனால் வேறு கல் தேடிக்கொள்ளலாம்.

இன்று நகல் வாங்க நினைப்பவர் பாம்பில் மயங்கிவிடாமல் முதலில் எஃகுத் தகட்டைப் பார்க்க வேண்டும். அதன் ஓரத்தில் அரத்தை வைத்தால் கடிக்காமல் வழுக்க வேண்டும். கடித்தால் அது பதமேறாத தகடு. கல் அதில் பள்ளம் போடுமே தவிரப் பொறி வராது. மருந்தில்லாமல், இருட்டறையில் ஒருமுறை விசையை இழுத்துக் கிண்ணிக்குள் பொறி விழுகிறதா என்று பார்ப்பதும் நல்லது. அப்புறம் பக்கத் துளை. சுமார் 1.6 மில்லிமீட்டர் அகலத்தில், கிண்ணியின் மேல்விளிம்புக்கு நேராக இருப்பது நல்லது. ரொம்பக் கீழே இருந்தால் ரஞ்சகம் துளையை அடைத்து, நெருப்பு தாமதமாகத்தான் உள்ளே போகும். அளவில் நான் 20 கேஜையே சொல்வேன். வரலாற்றுக்கு 24தான் நெருக்கம், ஆனால் மருந்துக்கு மேல் வைத்துக் கெட்டிக்கும் அடைப்பானை அந்த அளவில் தேடி அலைய வேண்டும். 20க்கு எளிதாகக் கிடைக்கும்.

இத்தாலியின் கார்தோனே வால் திரோம்பியாவில் பெடர்சோலி செய்வது போன்ற நகல்களில் அழுத்தச் சோதனை முத்திரை குழலிலேயே இருக்கும். இந்தியாவில் செய்து ஏற்றுமதியாகும் நகல்கள் விலை குறைவு. பலவற்றில் பக்கத் துளையே போடாமல் அனுப்புகிறார்கள். துளையில்லாதவரை அது சுடாத காட்சிப்பொருள். வாங்கியவர் துளைபோட்டுச் சுடுவதென்றால், சோதனை முத்திரை இல்லாத அந்தக் குழலைத் தெரிந்த துப்பாக்கித் தொழிலாளி ஒருவர் சோதித்த பிறகுதான் மருந்தை ஊற்ற வேண்டும். அமெரிக்கக் கூட்டரசுச் சட்டம் சக்கிமுக்கி நகல்களைப் பழம்பொருள் கணக்கில் வைக்கிறது. சில மாநிலங்களில் விதி வேறு. இந்தியாவில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி சுடக்கூடிய குழல்வாய்த் துப்பாக்கிக்கும் பொதுவாக உரிமம் வேண்டும்.