பப் மேடையில ஹிப்னாடிசம்: அந்த நாற்காலியில என்னதான் நடக்குது?

ஒரு பப். ஓரமா சின்ன மேடை, கைப்பிடி இல்லாத நாற்காலி ஒரு பன்னெண்டு வரிசையா. அரை மணி நேரம் முன்னாடி வரைக்கும் நண்பர்களோட பேசிட்டிருந்த ஒருத்தர் இப்ப அங்க உட்கார்ந்து, கழட்டின ஷூவை காதுல வச்சு ஃபோன்ல பேசுற மாதிரி ரொம்ப சீரியஸா பேசிட்டிருக்காரு, ஹால் முழுக்க சிரிப்பு. பாக்குறவங்க எல்லாரும் கேக்குற கேள்வி, இது நிஜமா, இல்லை நடிப்பா? எனக்கும் அதே கேள்விதான் ரொம்ப வருஷமா இருந்துச்சு, அப்புறம் இதைப் பத்தி படிக்க ஆரம்பிச்சதும் புரிஞ்சது, நாம எல்லாரும் ஹிப்னாடிஸ்ட்டோட குரலையும் விரல் சொடக்கையுமே பாத்துட்டிருக்கோம், ஆனா வேலை முழுக்க நடக்குறது நாற்காலியில உட்கார்ந்திருக்கவங்களுக்கு உள்ளதான். இது தெரிஞ்சா ஷோவும் புரியும், ஒரு பப்ல இதை நடத்துறவங்க எதுல கவனமா இருக்கணும்னும் புரியும்.

இதை ஆரம்பத்துலயே சொன்னவர் நம்ம கோவாக்காரர் ஒருத்தர், அதை நினைச்சா எனக்கு ரொம்ப சந்தோஷம். அபே ஃபாரியா, 1756ல கோவாவுல பிறந்த பாதிரியார். அவர் பாரிஸ்ல இருந்த காலத்துல மெஸ்மர்ங்கற டாக்டரோட கருத்துதான் ஊரெல்லாம் ஓடிட்டிருந்துச்சு, அதாவது கண்ணுக்குத் தெரியாத ஒரு காந்த திரவம் இருக்கு, அதை ஒரு ஆள் இன்னொரு ஆள் உடம்புக்குள்ள செலுத்த முடியும்னு. 1813ல ஃபாரியா பாரிஸ்லயே எல்லார் முன்னாடியும் செஞ்சு காட்டி சொன்னது என்னன்னா, என்கிட்டருந்து எதுவும் உங்களுக்குள்ள போகல, எல்லாமே உங்களுக்குள்ளருந்துதான் வருது.

அதுக்கு முன்னாடியே, 1784ல, பிரெஞ்சு ராஜா போட்ட ஒரு விசாரணைக் குழு இதை அழகா சோதிச்சுப் பாத்திருக்கு. குழுவுல அமெரிக்க விஞ்ஞானி பெஞ்சமின் ஃப்ராங்க்ளின் இருந்தாரு, பிரெஞ்சு வேதியியல் விஞ்ஞானி லவோசியே இருந்தாரு. ஒரு தோட்டத்துல ஒரே ஒரு மரத்துக்கு மட்டும் "காந்த சக்தி" ஏத்தினாங்க. பன்னெண்டு வயசுப் பையன் ஒருத்தனை கண்ணைக் கட்டி மரம் மரமா கூட்டிட்டுப் போனாங்க, நாலாவது மரத்துல அவன் மயங்கி விழுந்துட்டான், ஆனா அது சக்தி ஏத்தின மரமே இல்லை, அந்த மரம் தூரமா நின்னுட்டிருந்துச்சு. பையன் நடிக்கல. விழப்போறோம்னு எதிர்பாத்தான், விழுந்தான். மேடை ஹிப்னாடிசத்தைப் புரிஞ்சுக்க இந்த ஒரு கதையே பாதி போதும்னு நினைக்கிறேன்.

ஹிப்னாடிசம்ங்கற பேரோட கதையும் ஒரு மேடையிலதான் ஆரம்பிக்குது. 1841 நவம்பர்ல மான்செஸ்டர்ல லஃபோன்டேன்ங்கறவர் மெஸ்மர் பாணியில நடத்தின ஷோவுக்கு ஜேம்ஸ் ப்ரெய்ட்ங்கற ஸ்காட்லாந்து சர்ஜன் போனாரு, இது ஏமாத்து வேலைன்னு நினைச்சுதான் போனாரு, ஆனா மேடையில இருந்த ஆளால கண் இமையைத் திறக்க முடியலங்கறது அவரை உறுத்திட்டே இருந்துச்சு. வீட்ல போய் தானே சோதனை பண்ணி, ஒரே இடத்தை உத்துப் பாக்குறதும் ஒரே விஷயத்துல கவனம் வைக்கிறதும்தான் இதுக்கு அடிப்படைன்னு முடிவுக்கு வந்தாரு. தூக்கத்துக்கான கிரேக்க வார்த்தையை வச்சு பேர் வச்சாரு, அப்புறம் இது தூக்கம் இல்லையேன்னு 1847ல பேரை மாத்தவும் பாத்தாரு, ஆனா பேர் ஒட்டிக்கிச்சு. ஹிப்னாடிஸ்ட் மேடையில "தூங்குங்க"ன்னு சத்தம் போடுறப்பவும் மூளை அலையைப் பதிவு பண்ணிப் பாத்தா அது முழிச்சிருக்க மூளைதான். நாற்காலியில தலை தொங்கிப் போய் இருக்கவங்களுக்கு ஹால்ல நடக்குற எல்லாமே காதுல விழுந்துட்டுதான் இருக்கு.

சரி, ஷோவுக்கு வருவோம். பாக்குறவங்களுக்கு வார்ம்அப் மாதிரி தெரியுற முதல் இருபது நிமிஷத்துலதான் ஹிப்னாடிஸ்ட் தன்னோட முக்கியமான வேலையை முடிச்சிடுறாரு, அது ஆள் பொறுக்குறது. எல்லாரையும் ரெண்டு கையையும் கோத்து ஆள்காட்டி விரல் ரெண்டை மட்டும் இடைவெளி விட்டு நீட்டச் சொல்லுவாரு, "நடுவுல காந்தம் இருக்கு, விரல் ஒண்ணை ஒண்ணு இழுக்குது"ம்பாரு, விரல் சேந்துடும். இப்ப நீங்களே செஞ்சு பாருங்க, யாரும் எதுவும் சொல்லாமலே சேரும், ஏன்னா அந்த இடைவெளியைப் பிடிச்சு வைக்க தசை வேலை செய்யணும், கொஞ்ச நேரத்துல அது தளர்ந்துடும். மூடின இமைக்குள்ள கண்ணை மேல பாத்து வச்சுகிட்டு இமையைத் திறக்கச் சொல்றதும் அதே வகைதான், அந்த நிலையில திறக்குறது யாருக்குமே கஷ்டம். ஆனா உட்கார்ந்திருக்க ஆளுக்கு அது அப்படித் தோணாது, "அட, இவர் சொன்னது நடக்குதே"ன்னு தோணும், எதிர்பார்ப்பு ஒரு படி ஏறும். ஹிப்னாடிஸ்ட்டோட கண்ணு யாருக்கு அது லேசா, தானா, முகத்துல ஒரு ஆச்சரியத்தோட நடக்குதுன்னு தேடிட்டிருக்கும்.

ஏன் தேடணும்னா, இது எல்லாருக்கும் ஒரே அளவுல வராது. 1959ல ஸ்டான்ஃபோர்டுல வைட்ஸன்ஹாஃபரும் ஹில்கார்டும் இதை அளக்க ஒரு ஸ்கேல் உருவாக்கினாங்க, அதுக்கப்புறம் கணக்குப் பாத்ததுல நூத்துக்கு பத்துலருந்து பதினஞ்சு பேர் ரொம்ப நல்லா சஜஷன் (அதாவது "கை கனக்குது" மாதிரி ஹிப்னாடிஸ்ட் சொல்ற யோசனை) எடுத்துக்கறவங்க, கிட்டத்தட்ட அதே அளவு ஆளுங்களுக்கு எதுவுமே ஏறாது, மத்தவங்க எல்லாம் நடுவுல. இது மன பலவீனமோ முட்டாள்தனமோ இல்லை, உயரம் மாதிரி ஆளுக்கு ஆள் மாறுற ஒரு தன்மை, அதுவும் ரொம்ப நிலையானது, அதே ஆளுங்களை 25 வருஷம் கழிச்சு திரும்ப அளந்தப்பவும் மார்க் பெருசா மாறல (1989ல வந்த ஆய்வு). நூறு பேர் இருக்க பப்ல அப்ப ஒரு பன்னெண்டு பேர் கிடைப்பாங்க. அவங்கள்ல மேடை ஏற தயாரா இருக்கவங்க கொஞ்சம். இருபது பேர் ஏறினா பத்து பேரை மெதுவா தோள்ல தட்டி கீழ அனுப்பிட்டு ஷோ நடக்கும். நீங்க போய் எதுவும் ஆகலைன்னா உங்ககிட்ட குறை ஒண்ணும் இல்லை.

அடுத்து வரிசை. எடுத்த உடனே யாரையும் ஷூவுல பேச வைக்க மாட்டாங்க. கை கனக்குது, உடம்பு குளிருது, வேர்க்குதுன்னு சின்னதுல ஆரம்பிச்சு ஒவ்வொண்ணா ஏத்துவாங்க. ஸ்டான்ஃபோர்டு ஸ்கேல்லயும் இதே ஏணிதான் இருக்கு. நீட்டின கை கனமாகி கீழ இறங்குறது பத்துல ஒம்பது பேருக்கு நடக்கும். கண் முன்னாடி மூணு பெட்டி இருக்கப்ப "ரெண்டுதான் இருக்கு"ன்னு சொல்லி மூணாவதைப் பாக்க விடாம பண்றது பத்துல ஒருத்தருக்குக்கூட நடக்காது. அதனால ஷோவோட பெரிய அயிட்டம் எல்லாம், பேர் மறக்குறது, நம்பர் ஏழு மறந்து விரலை எண்ணினா பதினொண்ணு வர்றது, இதெல்லாம் கடைசி வரைக்கும் நாற்காலியில நிக்குற ரெண்டு மூணு பேர்கிட்டதான் போகும், கவனிச்சுப் பாருங்க.

இதோட பப்புக்கே உரிய விஷயம் ஒண்ணு சேருது, கூட்டம். மேடையில ஏறினவங்களுக்கு என்ன செய்யணும்னு தெரியும், சிரிப்பு வந்தா சரியா செஞ்சோம்னு தெரியும், நாளைக்கு யாராவது கேட்டா "நான் ஹிப்னடைஸ் ஆகியிருந்தேன்"னு சொல்லிக்கலாம், இந்த ஒரு அனுமதியே பலரோட கூச்சத்தை உடைச்சிடும். மார்ட்டின் ஓர்ன்ங்கற ஆராய்ச்சியாளர் 1950கள்ல மாணவர்களுக்கு ஒரு லெக்சர்ல, ஹிப்னாடிசத்துல ஒருத்தர் அதிகமா புழங்குற கை விறைச்சுடும்னு ஒரு பொய்யைச் சேத்து சொன்னாரு. அப்புறம் அந்த மாணவர்களை ஹிப்னடைஸ் பண்ணினப்ப நிறைய பேருக்கு அதே கை விறைச்சுது, அவருக்கு எது இயல்பு எது எதிர்பார்ப்புன்னு பிரிச்சுக் காட்டணும்னு இருந்துச்சு, காட்டிட்டாரு.

அப்ப எல்லாமே கூட்டத்துக்காக நடிக்கறதான்னா, இல்லை, இங்கதான் எனக்கு இந்த சப்ஜெக்ட் ரொம்பப் பிடிக்கும். பச்சை மையில "சிவப்பு"ன்னு எழுதி, மை என்ன கலர்னு கேட்டா நாம எல்லாரும் தடுமாறுவோம், ஏன்னா படிக்கத் தெரிஞ்ச கண்ணால படிக்காம இருக்க முடியாது. ஆமிர் ராஸ்ங்கற விஞ்ஞானி 2002லயும் 2005லயும் வெளியிட்ட ஆய்வுகள்ல, நல்லா சஜஷன் எடுத்துக்கறவங்ககிட்ட "திரையில வர்ற எழுத்தெல்லாம் உங்களுக்குத் தெரியாத மொழி, அர்த்தமில்லாத கிறுக்கல்"னு சொன்னப்ப அந்தத் தடுமாற்றம் பெரும்பாலும் காணாமப் போச்சு. வேணும்னே முயற்சி பண்ணி இவ்வளவு சுத்தமா அதை ஒழிக்கறது ரொம்பக் கஷ்டம். 2000ல காஸ்லின்ங்கற ஆராய்ச்சியாளரோட குழு, மூளையில எந்தப் பகுதி வேலை செய்யுதுன்னு காட்டுற பெட் (PET) ஸ்கேன்ல பாத்தப்ப, ஹிப்னாடிசத்துல இருக்கவங்ககிட்ட கருப்பு வெள்ளைப் படத்தைக் காட்டி கலரா பாருங்கன்னு சொன்னா மூளையோட நிறம் பாக்குற பகுதி நிஜக் கலரைப் பாத்த மாதிரியே சுறுசுறுப்பாச்சு. வலி விஷயத்துலயும் இப்படித்தான், ஆஸ்பத்திரிகள்ல இதை வலியைக் குறைக்கப் பயன்படுத்துறாங்க.

இன்னொரு பக்கம், ராஸ் 2006ல அதே சஜஷனை ஹிப்னாடிசம் எதுவும் பண்ணாம நேரடியா சொல்லிப் பாத்தாரு, அந்த மாதிரி ஆளுங்களுக்கு அப்பவும் வேலை செஞ்சுது. அதனால "டிரான்ஸ்"னு மனசுக்குத் தனியா ஒரு நிலை இருக்கா, இல்லை கவனம், கற்பனை, எதிர்பார்ப்பு மூணும் நல்லா ஒண்ணு சேர்றதுதானாங்கற சண்டை இன்னும் ஓயல. என்னோட கருத்து, பப் மேடைக்கு ரெண்டாவது விளக்கமே போதும். வாலண்டியரைக் கேட்டா "நான்தான் செஞ்சேன், ஆனா செய்றது நான் மாதிரி தோணல, தானா நடந்துச்சு"ம்பாங்க, அந்த உணர்வை நான் முழுசா நம்புறேன்.

இப்ப பப் நடத்துறவங்க பக்கம். கவனம்தான் மூலப்பொருள்னா பப் மாதிரி கவனத்தைக் கெடுக்குற இடம் வேற இல்லை. கண்ணாடி கழுவுற மெஷின், கல்லாப் பெட்டி சத்தம், மூலையில ஓடுற டிவி, கேம் மெஷினோட மணி, எல்லாத்தையும் அணைக்கணும், ஆரம்ப இருபது நிமிஷம் பார் சர்வீஸை நிறுத்தியே வைக்கறது நல்லது, ஷோவே அந்த நேரத்துலதான் நிக்குது இல்லை விழுது. நாற்காலி கைப்பிடி இல்லாததா, நெருக்கமா, பின்னாடி தள்ளிப் போட்டிருக்கணும், தளர்ந்தவங்க பக்கத்து ஆள் மேல சாய்வாங்க, சில பேர் வழுக்கித் தரைக்கே வருவாங்க. தரையில ஒரு கண்ணாடித் துண்டுகூட இருக்கக் கூடாது. மேடை எவ்வளவு தாழ்வோ அவ்வளவு நல்லது.

குடி. இதுலதான் நிறைய பேர் தப்புக் கணக்கு போடுறாங்க. 2013ல சசெக்ஸ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், கொஞ்சம் ஆல்கஹால் குடிச்சவங்க சஜஷனுக்கு அதிகமா இணங்குறாங்கன்னு காட்டினாங்க, அதைக் கேட்டதும் "அப்ப நல்லதுதானே"ன்னு தோணலாம். எனக்கு அதுவேதான் குடிச்சவங்களை மேடை ஏத்தக் கூடாதுன்னு சொல்ற காரணம். எதுக்கு சம்மதிக்கிறோம்னு தெரியாத நிலையில ஒருத்தரோட இணக்கத்தை எடுத்துக்கறது நியாயமே இல்லை, அதுக்கு மேல பேலன்ஸ் போயிருக்கும், விழுந்தா அடி பலமா படும். ஷோவை ராத்திரி கடைசியில வைக்காம சாயங்காலமே ஆரம்பிக்கறது இதுக்காகத்தான்.

பிரிட்டன்ல இதுக்குன்னே 1952லருந்து ஒரு ஹிப்னாடிசம் சட்டம் இருக்கு, பப்போ தியேட்டரோ, லோக்கல் கவுன்சில் அனுமதி வாங்கணும், 18 வயசுக்குக் கீழ இருக்கவங்களை மேடையில ஹிப்னடைஸ் பண்ணக் கூடாது (ஆரம்பத்துல அது 21ஆ இருந்துச்சு). கவுன்சில் போடுற நிபந்தனைகளைப் படிச்சா விஞ்ஞானம் தெரிஞ்சவங்க உட்கார்ந்து எழுதின மாதிரி இருக்கும். மேடை ஓரத்துல வெள்ளை இல்லை மஞ்சள் கோடு போடணும். மனநோய் இருந்தவங்க, கர்ப்பிணிகள், குடிச்சிருக்கவங்க வர வேண்டாம்னு மைக்ல சொல்லணும். ரெண்டு நாற்காலிக்கு நடுவுல ஆளைப் பலகை மாதிரி கிடத்துற பழைய அயிட்டம் கூடாது, அது ஹிப்னாடிசமே தேவையில்லாம ஆரோக்கியமான யாரும் சில நிமிஷம் செய்யக்கூடியது, முதுகுக்குத்தான் ஆபத்து. "அஞ்சு வயசுக்குப் போங்க"ங்கறதும் கூடாது. அதுல யாரும் நிஜமா குழந்தையா மாறுறதில்லை, குழந்தைன்னா எப்படி இருக்கும்னு ஒரு பெரியவர் நினைக்கிறாரோ அது வரும், ஞாபகம்னு வர்றதுல கற்பனையும் கலந்திருக்கும், ஆனா சில பேருக்கு சின்ன வயசுல நடந்த நிஜமான கொடுமை ஏதாவது கிளம்பி வந்துடும், அதை முன்னூறு கண்ணு பாக்குற மேடையில யாராலயும் சரியா தாங்கிப் பிடிக்க முடியாது. கை காணாமப் போச்சு மாதிரி பதற வைக்கிற சஜஷனுக்கும் இதே தடைதான்.

ஃபோன் கேமரா இந்தச் சட்டம் வந்தப்ப இல்லை, அதனால அதை நடத்துறவங்கதான் பாத்துக்கணும். மேடை ஏற சம்மதிச்சவங்க வீடியோ ஊரெல்லாம் சுத்துறதுக்கும் சம்மதிச்சாங்கன்னு அர்த்தம் இல்லை, அதை ஷோவுக்கு முன்னாடியே கேட்டுடணும்.

முடிக்கிறப்ப ஹிப்னாடிஸ்ட் அஞ்சு வரைக்கும் எண்ணி எழுப்புறது மட்டும் பத்தாது. குடுத்த சஜஷன் ஒவ்வொண்ணையும் பேர் சொல்லி எடுக்கணும், ஏழு திரும்ப வந்துடுச்சு, ஷூ வெறும் ஷூதான், கை லேசாச்சு, இப்படி. பார்வையாளர் கூட்டத்துலயும் தன் நாற்காலியில உட்கார்ந்தபடியே கண்ணை மூடிட்ட ஒண்ணு ரெண்டு பேர் இருப்பாங்க, அவங்களுக்கும் சேத்து ஹால் முழுக்க ஒரு தடவை சொல்லணும். பெரும்பாலும் எல்லாரும் நல்லா ரெஸ்ட் எடுத்த மாதிரி எழுந்திருப்பாங்க, சிலருக்கு லேசா தலைவலி, கிறுகிறுப்பு இருக்கும், கொஞ்சம் தண்ணி குடிச்சு உட்கார்ந்தா போயிடும். அந்த பிரிட்டன் நிபந்தனையிலயே ஷோ முடிஞ்சு குறைஞ்சது அரை மணி நேரம் ஹிப்னாடிஸ்ட் அங்கயே இருக்கணும்னு இருக்கு. அந்த நேரத்துல பார் திரும்பத் திறந்துடும், மியூசிக் ஏறும், எல்லாரும் மேடையை மறந்துடுவாங்க. ஷூவுல பேசினவர்கிட்ட போய் "எப்படி இருக்கீங்க, எல்லாம் தெளிவா இருக்கா"ன்னு யாராவது ஒருத்தர் கேக்கணும், பதிலை நின்னு கேட்டுட்டுதான் நகரணும்.