அலங்காரம் என்று எதையும் அகற்றுவதற்கு முன்

பழைய கட்டடங்களின் உறுதியை ஆராய்ந்து சீரமைக்கும் கட்டமைப்புப் பொறியாளர் என்ற முறையில் நான் அடிக்கடி எதிர்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு. சுவரின் உச்சியில் நிற்கும் சிறு கோபுரத்தையோ, கூடத்தின் குறுக்கே ஓடும் இரும்புக் கம்பியையோ சுட்டிக்காட்டி, “இதெல்லாம் அந்தக் காலத்துப் பாணிக்காக வைத்ததுதானே, எடுத்துவிடலாமா?” என்று உரிமையாளர்கள் கேட்பார்கள். கிரேக்கம் என்றால் தூண், ரோமானியம் என்றால் வளைவு, இடைக்கால ஐரோப்பாவின் கோதிக் என்றால் கூர்முனை என்று பாணிகளைத் தோற்றத்தால் மட்டும் அடையாளம் காணப் பழகியதால் எழும் கேள்வி இது. உண்மையில் பாணி என்று நாம் அழைப்பதில் பெரும்பகுதி, கைக்குக் கிடைத்த பொருளைக் கொண்டு மேலே இருக்கும் எடையை எப்படித் தரைக்கு இறக்குவது என்பதற்கு அந்தந்தக் காலத்தவர் கண்ட விடையாகும். அந்த விடையைப் படித்துப் பார்க்காமல் கை வைத்தால் என்ன நேரும் என்பதை உலகறிந்த கட்டடங்களே நமக்குக் காட்டுகின்றன.

ஏதென்ஸ் நகரின் பார்த்தினான் கோயில் கி.மு. 447இல் தொடங்கப்பட்டு கி.மு. 432இல் நிறைவுற்றது. கல் அழுத்தத்தைத் தாங்கும், வளைந்தால் முறிந்துவிடும். எனவே கல் உத்தரத்தை நீளமாகப் போட முடியாது என்பதை அறிந்தே, முகப்பில் 8, பக்கவாட்டில் 17 என்று தூண்களை நெருக்கமாக நிறுத்தினார்கள். கற்களைப் பிணைத்த இரும்புக் கவ்விகளைச் சுற்றி ஈயத்தை உருக்கி ஊற்றியதால், நீரும் காற்றும் இரும்பை எளிதில் அணுகவில்லை. ஆனால் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடந்த சீரமைப்பின்போது ஈயக் காப்பு இல்லாத இரும்பைப் பளிங்குக்குள் செலுத்தினார்கள். துருவாக மாறும் இரும்பு தன் முன்னைய அளவைவிடப் பன்மடங்கு இடத்தைக் கேட்கும். இடம் கிடைக்காதபோது கல்லைப் பிளக்கும். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் நின்ற பளிங்கைச் சில பத்தாண்டுகளில் அந்த இரும்பு வெடிக்கச் செய்தது. அண்மைக் காலச் சீரமைப்பில் அவற்றை ஒவ்வொன்றாக அகற்றி, துருப்பிடிக்காத டைட்டானியத்தைப் பொருத்தி வருகிறார்கள். காப்பாற்றும் நோக்கத்தோடு செய்த பணியே சேதத்துக்குக் காரணமானது என்பதால், சீரமைப்புத் துறைக்கு வரும் இளம் பொறியாளர்களிடம் நான் முதலில் சொல்வது இந்த வரலாற்றைத்தான்.

ரோமாபுரியின் பாந்தியன் கோயில், ஹேட்ரியன் பேரரசரின் காலத்தில், ஏறத்தாழ கி.பி. 125இல் முடிந்தது. கம்பி கட்டாத கான்கிரீட்டால் ஆன அதன் குவிமாடத்தின் உள்விட்டம் 43.3 மீட்டர். அடிப்பகுதியில் கனமான கல்லும் செங்கல்லும் கலந்து, மேலே செல்லச் செல்ல எடை குறைந்த எரிமலைக் கற்களைச் சேர்த்திருக்கிறார்கள். தடிமனும் சுமார் 6 மீட்டரிலிருந்து உச்சியில் 1.2 மீட்டர் அளவுக்குக் குறைகிறது. பார்வையாளர்கள் வியந்து படம் எடுக்கும் உச்சித் துவாரம், வெளிச்சத்தைத் தருவதோடு உச்சியின் எடையையும் குறைக்கிறது. அதன் வழியே விழும் மழைநீர் வடிவதற்குத் தரையிலேயே துளைகள் உள்ளன.

வளைவும் குவிமாடமும் எடையைக் கீழே இறக்கும்போதே பக்கவாட்டிலும் உதைக்கும். சாதாரண வீடுகளிலும் கூடங்களிலும் நான் மிக அதிகமாகக் காணும் தவறு, இந்த உதைப்பை மறந்துவிடுவதுதான். ஒருமுறை, செங்கல் வளைவுகள் வரிசையாக அமைந்த பழைய கூடம் ஒன்றில், வளைவின் இரு கால்களையும் இணைத்திருந்த இரும்புக் கம்பிகள் பார்வைக்கு இடையூறாக இருக்கின்றன என்று அறுத்து எடுத்திருந்தார்கள். என்னை அழைத்தபோது, சுவர்கள் வெளிப்புறம் சாயத் தொடங்கியிருந்தன. ஒவ்வொரு வளைவின் உச்சியிலும் அடிப்பக்கத்தில் விரிசல் திறந்திருந்தது. விரிசலில் சிமெண்டைப் பூசி மறைத்து, வண்ணமும் அடித்திருந்தார்கள் என்பதுதான் எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்தது. விரிசல் கட்டடம் நம்மிடம் பேசும் மொழி. அதைப் படிப்பதற்கு முன் பூசிவிட்டால், எந்தத் திசையில் அசைவு நடக்கிறது என்பதை அறியும் வழியை நாமே அடைத்துவிடுகிறோம். முட்டுக் கொடுத்துக் கம்பிகளை மீண்டும் பொருத்திய பிறகு, விரிசல்களின் குறுக்கே சிறு கண்ணாடித் துண்டுகளை ஒட்டி, அவை உடைகின்றனவா என்று பல மாதங்கள் பார்த்த பின்னரே பூச்சு வேலைக்கு ஒப்புதல் தந்தேன்.

இதே உதைப்பு பெரிய அளவில் செயல்பட்டதைக் கான்ஸ்டான்டிநோபிளில் (இன்றைய இஸ்தான்புல்) பேராலயமாகக் கட்டப்பட்ட ஹாகியா சோபியாவில் காணலாம். 532 முதல் 537 வரை விரைந்து கட்டப்பட்ட அதன் முதல் குவிமாடம் தட்டையாக இருந்ததால் சுவர்களை வலுவாக வெளியே தள்ளியது; நிலநடுக்கங்களுக்குப் பின் 558இல் இடிந்து விழுந்தது. 562இல் முடிந்த மறுகட்டுமானத்தில் குவிமாடத்தை ஏறக்குறைய 6 மீட்டர் உயர்த்தினார்கள். உயரம் கூடினால் உதைப்பு குறையும் என்ற கணக்கு அதில் இருக்கிறது. பின்னரும் இருமுறை ஒரு பகுதி சரிந்ததும், 16ஆம் நூற்றாண்டில் சினான் என்ற கட்டடக் கலைஞர் முட்டுச்சுவர்களைச் சேர்த்ததும் வரலாறு. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குக் கட்டடத்தின் அழகைக் கெடுக்கும் பாரமாகத் தோன்றும் அந்தச் சுவர்களை நான் மிகுந்த மரியாதையோடு பார்க்கிறேன்.

உதைப்பே எழாத வழியும் ஒன்று உண்டு. 1010இல் நிறைவுற்ற தஞ்சைப் பெரிய கோயிலின் விமானம் உள்ளே கூடாக இருக்கிறது. கருங்கற்களை அடுக்கடுக்காக உட்புறம் சிறிது நீட்டி வைத்துக் குறுக்கிக்கொண்டே போயிருக்கிறார்கள். எடை நேராகக் கீழே இறங்குவதால் அங்கே முட்டுச்சுவருக்கு வேலை இல்லை.

கோதிக் பேராலயங்களில்தான் அலங்காரமும் கட்டமைப்பும் பிரிக்க இயலாமல் ஒன்றாகின்றன. சுவரைக் கண்ணாடிக்கு விட்டுக்கொடுத்த பிறகு, கல் கூரையின் உதைப்பை வெளியே எட்டி நிற்கும் முட்டுத்தூண்களுக்குச் சாய்வான வளைவுகள் மூலம் கடத்தினார்கள். அந்த முட்டுத்தூணின் தலையில் செதுக்கு வேலையோடு நிற்கும் கூர்ங்கோபுரம், தன் எடையால் தூணை அழுத்திப் பிடித்து, பக்கத்திலிருந்து வரும் உதைப்பைக் கீழ்நோக்கித் திருப்ப உதவுகிறது. அதை வெறும் செதுக்கு வேலை என்று எண்ணி எடுப்பது, பறக்காமல் இருக்கத் தாளின் மீது வைத்த கல்லை எடுப்பதற்கு ஒப்பாகும். பிரான்சின் போவே பேராலயத்தில் 48 மீட்டர் உயரத்துக்கு எழுப்பிய கல் கூரை 1284இல் சரிந்தது. இந்த முறைக்கும் எல்லை உண்டு என்பதை அது காட்டியது. 2019 ஏப்ரல் 15 அன்று பாரிஸ் நோத்ர தாம் தீப்பிடித்தபோது, ஓக் மரக் கூரையும் ஊசிக்கோபுரமும் அழிந்தன. கல் கூரையில் சில இடங்கள் இடிந்து திறந்தன. அதன் பின்னர் பொறியாளர்கள் உடனடியாகச் செய்த பணிகளுள் ஒன்று, வெளியே இருந்த முட்டு வளைவுகளுக்கு அடியில் மரச் சட்டங்களை வைத்துத் தாங்கியது. உள்ளிருந்து தள்ளும் கூரை வலுவிழந்தால், வெளியிலிருந்து தள்ளும் முட்டு வளைவு சுவரை உள்ளே சாய்த்துவிடக்கூடும். இரு தள்ளல்களின் சமநிலையில்தான் அந்தக் கட்டடம் எட்டு நூற்றாண்டுகளுக்கும் மேலாக நின்றிருக்கிறது. 2024 டிசம்பரில் அது மீண்டும் திறக்கப்பட்டது.

விரிசலைக் கண்டு அஞ்சி இடித்துவிடத் துடிப்பவர்களுக்கு நான் எடுத்துக்காட்டுவது வத்திக்கானின் புனித பேதுரு பேராலயம். 1590இல் முடிந்த அதன் குவிமாடத்தில் விரிசல்கள் பெருகியதால், 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கணித வல்லுநர்களிடம் கருத்துக் கேட்டார்கள். அவர்களுள் ஒருவரான பொலேனி, குவிமாடத்தின் எடைக்கேற்பக் குண்டுகள் கோத்த சங்கிலியைத் தொங்கவிட்டு, அது எடுத்த வடிவத்தைத் தலைகீழாகத் திருப்பி, குவிமாடத்தின் தடிமனுக்குள் அது அடங்குகிறதா என்று பார்த்தார். அடங்கியது; அப்படி அடங்கினால் விரிசல் இருந்தும் குவிமாடம் நிற்கும் என்பது அவர் கணக்கு. குவிமாடத்தை இடிக்கவில்லை, அதைச் சுற்றிப் புதிய இரும்பு வளையங்கள் பூட்டப்பட்டன.

பூச்சும் பாணியின் ஒரு பகுதியே. மாலி நாட்டின் ஜென்னே நகரில் 1907இல் இன்றைய வடிவில் எழுந்த பெரிய மசூதி, மண்ணால் ஆனது. ஊர் மக்கள் ஆண்டுதோறும் அதற்குப் புதிய மண் பூசுகிறார்கள். சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் பனைமரக் கட்டைகள், பூசுபவர்கள் ஏறி நிற்கும் சாரமாகப் பயன்படுகின்றன. மண்ணோ சுண்ணாம்புக் காரையோ கொண்டு எழுப்பிய சுவர், தான் உறிஞ்சும் ஈரத்தை மீண்டும் வெளியே விட்டால்தான் நலமாக இருக்கும். அதன் மீது சிமெண்ட் பூச்சு ஏறிவிட்டால் ஈரம் உள்ளேயே தங்கி, பூச்சுக்குப் பின்னால் சுவர் உதிர்ந்துகொண்டிருக்கும்; வெளியே மட்டும் வழவழப்பாகத் தெரியும். பழைய சுண்ணாம்புச் சுவர் உள்ளவர்கள் மீண்டும் சுண்ணாம்புக் காரையையே பூச வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

நவீனக் கட்டடங்களையும் இப்படிப் படிக்க வேண்டியிருக்கிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் கட்டடக் கலைஞர் பிராங்க் லாய்டு ரைட் 1930களில் வடிவமைத்த ஃபாலிங்வாட்டர் இல்லத்தின் சிறப்பே, அருவியின் மீது ஒரு பக்கம் மட்டும் பிடிப்புடன் நீண்டு நிற்கும் கான்கிரீட் தளங்கள். ஒரு பக்கம் பிடித்து நீட்டிய தளத்தில் இழுவிசை மேற்புறத்தில் இருக்கும்; அங்கே போதிய கம்பி இல்லாததால் அவை ஆண்டுக்காண்டு தாழ்ந்து, ஏறத்தாழ 18 சென்டிமீட்டர் வரை இறங்கிவிட்டன. அருவியின் மேல் ஒரு தூணை நிறுத்தியிருந்தால் பிரச்சினை எளிதாகத் தீர்ந்திருக்கும். ஆனால் அந்த இல்லத்தின் பொருளே போயிருக்கும். எனவே முதலில் தற்காலிக முட்டுகளைக் கொடுத்து, பல ஆண்டுகள் அளந்து ஆராய்ந்து, 2002இல் தரைக் கற்களைப் பெயர்த்து, அடியில் எஃகு வடங்களைச் செலுத்தி இழுத்து இறுக்கினார்கள். தளத்தைப் பழைய மட்டத்துக்கு உயர்த்த முற்படாமல், மேலும் தாழாதபடி நிறுத்தினார்கள். பிறகு தரைக் கற்களை மீண்டும் பதித்தார்கள். அங்கே நடப்பவர்களின் கண்ணுக்கு அந்த வடங்கள் தெரிவதில்லை.