ட்ரக் கிரில்லில் மட்டை கட்டுகிறவர்களுக்கு

டிசம்பரில் முதல் கடுங்குளிர் இறங்கிய மறுநாளே எங்கள் கராஜ் வாசலில் நிற்கும் ட்ரக்குகளின் முகம் மாறிவிடும். வாழைப்பழப் பெட்டியைக் கிழித்து எடுத்த மட்டை, தார்ப்பாய்த் துண்டு, பழைய யோகா பாய், தேர்தல் நேரத்தில் வீட்டு முற்றத்தில் நட்ட பிளாஸ்டிக் பலகை என்று கையில் அகப்பட்டது எதுவோ, அது ட்ரக்கின் முன்பக்கம் காற்று உள்ளே போகும் கிரில்லை மூடியிருக்கும். எஞ்சின் கெதியாகச் சூடாகவேண்டும், ஹீட்டர் கெதியாக வேலை செய்யவேண்டும். அவ்வளவுதான் நோக்கம்.

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் 18 வருடமாக வாகனம் திருத்துகிறேன். அதிகமும் பிக்கப் ட்ரக்குகளும் டெலிவரி வேன்களும்தான். இந்த மட்டையால் வருகிற சேதத்தை ஒவ்வொரு குளிர்காலமும் நாலைந்து வண்டியிலாவது பார்க்கிறேன். கொண்டுவருகிறவர்களில் பாதிப்பேர் எங்கள் ஆட்கள். விடிய நாலு மணிக்கு எழும்பி வேலைக்குப் போகிறவர்கள், வண்டி ஒரு நாள் நின்றால் அன்றைய உழைப்பு இல்லை என்ற நிலையில் இருப்பவர்கள். கராஜில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருந்ததை இங்கே எழுதிவைக்கிறேன்.

கிரில்லை மூடுவதே பிழை என்று சொல்ல வரவில்லை. ராம் ஹெவி டியூட்டி டீசல் ட்ரக்குகளுக்கு, அந்தக் கம்பனியின் உதிரிப்பாகப் பிரிவான மோபாரே இதற்கென்று தைத்த உறை விற்கிறது. தேவைக்கு ஏற்பத் திறந்து மூட அதில் மடல்கள் உண்டு. 2013 மாடல் ராம் 1500 கிரில்லுக்குப் பின்னால் தானாகத் திறந்து மூடும் தகடுகளோடேயே வந்தது. அப்படிப்பட்ட வண்டிக்கு மேலே மட்டை கட்டுவது தேவையில்லாத வேலை. மற்ற வண்டிகளில் கட்டலாம். ஆனால் எதற்காகக் கட்டுகிறோம் என்று தெரிந்து கட்டவேண்டும்.

இரண்டு வருடம் முன்பு, ஜனவரியில் ஒரு தம்பி வந்தார். பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை. வண்டியின் முன்னால் ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று மட்டை. “அண்ணை, மூன்று கட்டியும் ஹீட்டர் சூடாகுதில்லை. நாலாவதும் கட்டட்டா?” என்று கேட்டார்.

வண்டியை இரவு எங்கள் முற்றத்திலேயே விட்டுப் போகச் சொன்னேன். காலையில் எஞ்சின் முழுக்க ஆறிப்போயிருந்தபோது ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூட்டை வெளியேற்றும் ரேடியேட்டரின் மேல் ஹோஸை உள்ளங்கையால் பிடித்துக்கொண்டு நின்றேன். நல்ல நிலையில் இருக்கும் எஞ்சினில், ஹீட்டர் சூடாகத் தொடங்கிய பிறகும் அந்த ஹோஸ் கன நேரம் குளிராகவே கிடக்கும். பிறகு ஒரு கட்டத்தில் திடீரென்று கை சுடும். இந்த வண்டியில் இரண்டு மூன்று நிமிடத்திலேயே ஹோஸ் மெல்ல வெதுவெதுக்கத் தொடங்கிவிட்டது. அங்கேயே விஷயம் விளங்கிவிட்டது. தெர்மோஸ்டாட் திறந்தபடி இறுகிப்போயிருந்தது.

தெர்மோஸ்டாட் என்பது எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் இருக்கும் ஒரு கதவு. எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டின் சூடு ஏறும்வரை அது மூடியிருக்கும். பெரும்பாலான வண்டிகளில் 82 முதல் 95 டிகிரிக்குள் ஏதோ ஒரு சூட்டில் திறக்கத் தொடங்கும். அதுவரை கூலன்ட் எஞ்சினுக்குள்ளும் கேபின் ஹீட்டருக்குள்ளும் மட்டும் சுற்றும், ரேடியேட்டர் பக்கம் போகாது. இதை நின்று யோசித்துப் பாருங்கள். காலையில் நாம் குளிரில் நடுங்கிக்கொண்டிருக்கும் முதல் பத்து நிமிடத்தில் ரேடியேட்டருக்குச் சூடான கூலன்ட் போவதே இல்லை. அப்போது அதற்கு முன்னால் மட்டை இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். கதவு திறந்தபடி இறுகிவிட்டால் மட்டும்தான் ஸ்டார்ட் பண்ணிய நிமிடம் முதல் சூடு முழுக்க ரேடியேட்டர் வழியே வெளியே போகும். மட்டை அதைக் கொஞ்சம் மறைக்கும். வருத்தம் உள்ளே அப்படியே இருக்கும்.

அந்தத் தம்பியின் டாஷ்போர்டில் எஞ்சின் லைட் இரண்டு மாதமாக எரிந்துகொண்டிருந்ததாம். ஸ்கேன் பண்ணினால் பி0128. கூலன்ட் வரவேண்டிய சூட்டுக்கு வரவில்லை என்று வண்டியே சொல்லும் குறியீடு அது. ஒயில் மூடியைக் கழற்றிக் காட்டினேன். உட்பக்கம் கெட்டித் தயிர் பூசினதுபோல வெள்ளையாகப் படிந்திருந்தது. எஞ்சின் முழுச் சூட்டுக்கு வராமல் ஓடினால் உள்ளே சேரும் ஈரம் ஆவியாகிப் போகாமல் ஒயிலோடு கலந்து இப்படி ஆகும். எரியாத பெட்ரோலும் ஒயிலுக்குள் இறங்கும். தெர்மோஸ்டாட், கூலன்ட், ஒயில் மூன்றையும் மாற்ற இரண்டு மணித்தியாலம் போதுமாக இருந்தது. மட்டைகளை அவரே குப்பையில் போட்டார்.

ஆகவே ஹீட்டர் சூடாகவில்லை என்றால் மட்டை தேடுவதற்கு முன், எஞ்சின் ஆறியிருக்கும்போது கூலன்ட் அளவைப் பாருங்கள். அது குறைந்திருந்தாலும் ஹீட்டரில் குளிர் காற்றுத்தான் வரும். பிறகு மேல் ஹோஸைப் பிடித்துப் பாருங்கள். சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் கீழ்ப்பக்கம் இருக்கும், அவற்றுக்கு இந்தச் சோதனை சரிவராது. பெல்ட்டுக்கும் விசிறிக்கும் கிட்டக் கையைக் கொண்டுபோகவேண்டாம். தொங்குகிற மஃப்லர், சால்வை எல்லாவற்றையும் கழற்றிவிட்டுக் குனியுங்கள்.

அப்படியென்றால் மூடுவதால் பயன் எங்கே? ஓடும்போதுதான். மைனஸ் 25இல், ஹைவே 11இல் 90 கிலோமீட்டர் வேகத்தில் வடக்கே போகிறீர்கள் என்றால் அந்தக் காற்று எஞ்சின் உடம்பையும் அடியில் இருக்கும் ஒயில் சட்டியையும் நிற்காமல் அறைந்துகொண்டே இருக்கும். டீசல் எஞ்சினுக்கு இது இன்னும் கஷ்டம். எரிபொருளை அது சிக்கனமாகப் பயன்படுத்துவதால் வீணாகும் சூடு குறைவு. சும்மா நிறுத்தி ஓடவிட்டால் ஒரு மணித்தியாலம் ஆனாலும் முழுச் சூட்டுக்கு வராது. வெறும் வண்டியோடு வடக்கே நெடுந்தூரம் ஓடுகிற டீசல்காரருக்குக் கிரில் உறை உண்மையாகவே உதவும். ரொறன்ரோவுக்குள் மைனஸ் 5இல் பத்து கிலோமீட்டர் ஓடுகிற பெட்ரோல் பிக்கப்புக்கு அதனால் பெரிதாக ஒன்றும் கிடைக்காது.

இன்னொன்று, டாங்கில் டீசல் உறைந்து மெழுகாகிவிட்டது என்றால் கிரில்லில் எதைக் கட்டியும் பயனில்லை. அது எரிபொருள் பிரச்சினை. முன்கூட்டியே குளிர்கால டீசல் அடிப்பதுதான் அதற்கு மருந்து.

இப்போது என்னை அதிகம் வருத்திய சம்பவத்துக்கு வருகிறேன். பிளாசா பார்க்கிங்குகளில் ஸ்னோ தள்ளுகிற ஒரு அண்ணா. முன்னால் பிளேடு பூட்டிய பிக்கப். கிரில் முழுவதையும் ஒரு விரற்கடை இடைவெளிகூட விடாமல் தடித்த பிளாஸ்டிக் பலகையால் அடைத்து ஒட்டியிருந்தார். புயல் அடித்த இரவொன்றில் தொடர்ந்து ஒன்பது மணித்தியாலம் முன்னும் பின்னுமாகத் தள்ளியிருக்கிறார். விடியும்போது ரிவர்ஸ் விழவில்லை. கியர் மாற்றும் டிரான்ஸ்மிஷனின் ஒயிலை ஒரு துளி எடுத்து வெள்ளைத் துணியில் விட்டேன். சிவப்பாக இருக்கவேண்டியது கடுங்கோப்பி நிறத்தில் பரவியது, கருகின நாற்றம். “ஊசி நடுவில்தானே தம்பி நின்றது, ஒருக்காலும் ஏறவில்லையே” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் சொன்னது பொய்யில்லை.

டாஷ்போர்டில் நாம் பார்ப்பது எஞ்சின் கூலன்ட்டின் சூட்டை மட்டும். அந்த ஊசியும் சின்னச் சின்ன மாற்றத்துக்கு அசையாமல், பரந்த ஓர் எல்லைக்குள் நடுவிலேயே நிற்கும்படிதான் பல வண்டிகளில் வைத்திருக்கிறார்கள். கிரில்லுக்குப் பின்னால் ரேடியேட்டர் தனியாக இல்லை. அதற்கு முன்னால் ஏசி கண்டென்சர், பல ட்ரக்குகளில் டிரான்ஸ்மிஷன் ஒயில் கூலர், டர்போ உள்ள வண்டி என்றால் அதன் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் எல்லாம் அடுக்காக நிற்கின்றன. மட்டை எல்லாவற்றின் மூச்சையும் சேர்த்து அடைக்கிறது. ஸ்னோ தள்ளும் வண்டியில் தூக்கி வைத்த பிளேடே பாதிக் காற்றை மறைக்கும். வேகம் குறைவு, சுமை அதிகம், ஒவ்வொரு நிமிடமும் கியர் மாறும். டிரான்ஸ்மிஷன் அதிகம் கொதிக்கும் வேலை அது. வெளியில் மைனஸ் 15 என்பது அதற்குத் தெரியாது. அந்தச் சீசனில் அவர் உழைத்ததில் பெரும்பகுதி டிரான்ஸ்மிஷனுக்கே போய்விட்டது. பிளேடு பூட்டிய வண்டிக்கும், டிரெய்லர் இழுக்கும் வண்டிக்கும் கிரில்லை மூடவே வேண்டாம். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

சரி, உங்களுக்கு உண்மையிலேயே தேவை, செய்யத்தான் போகிறீர்கள் என்றால் முழுக்க அடைக்காதீர்கள். ராம் டீசல் ட்ரக்குகளில் வரும் கம்மின்ஸ் எஞ்சினின் கையேட்டில் உறை போட்டாலும் சுமார் 28 செ.மீ.க்கு 28 செ.மீ. அளவு எப்போதும் திறந்திருக்கவேண்டும் என்று இருக்கிறது. அந்தத் திறப்பு நடுவில், விசிறிக்கு நேரே இருப்பது நல்லது. ஒரு பக்கம் மட்டும் திறந்துவிட்டால் விசிறி இதழ்கள் ஒவ்வொரு சுற்றிலும் காற்றுள்ள பக்கமும் இல்லாத பக்கமும் மாறி மாறி அடிபட்டுக் களைக்கும். பல ட்ரக்குகளில் விசிறியின் கிளட்ச் தனக்கு நேரே வரும் காற்றின் சூட்டை உணர்ந்துதான் பூட்டிக்கொள்கிறது. நடுவை மூடினால் அதற்குச் சரியான செய்தி போகாது.

காட்போட் மட்டை ஒரு கிழமைக்கு மேல் தாங்காது. உப்புத் தண்ணீரில் ஊறிக் கூழாகிக் கண்டென்சரின் மெல்லிய தகடுகளுக்குள் அப்பிக்கொள்ளும். இளவேனிலில் நான் அதைப் பிரஷ்ஷால் சுரண்டி எடுக்கவேண்டும். தேர்தல் பலகைக்குப் பாவிக்கும் நெளிவு பிளாஸ்டிக் பரவாயில்லை, வெட்டுவதும் சுலபம். எனக்குப் பிடித்தது தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றும் கறுப்பு நுரைக் குழாய். கிரில்லின் கம்பிகள் கிடையாக இருந்தால் இடைவெளிகளுக்குள் ஒவ்வொன்றாக அழுத்திவிடலாம். எத்தனை வேண்டுமோ அத்தனை, வேண்டாதபோது கையால் இழுத்தால் வந்துவிடும். எதைப் போட்டாலும் கிரில்லின் வெளிப்பக்கத்திலிருந்து போடுங்கள். கிரில்லுக்குப் பின்னால் செருகினால் மறந்துபோகும், கழன்று விழுந்தால் விசிறியில் சிக்கும். பிளாஸ்டிக் டையைக் கண்டென்சர் தகடுகளுக்குள் குத்தி இழுத்துக் கட்டி, ஏசி வாயு முழுக்கப் போன வண்டிகளும் வந்திருக்கின்றன. கிரில்லின் சட்டத்தில் மட்டும் கட்டுங்கள். புதிய வண்டிகளில் முன்னால் ரேடார் சென்சர் இருக்கும். அது மறைந்தால் மோதல் எச்சரிக்கை வேலை செய்யாது. ஒன்ராறியோவில் முன் நம்பர் பிளேட்டும் தெரியவேண்டும்.

காலையில் கேபின் சூடாகவேண்டும் என்பதுதான் ஆசை என்றால் இதைவிடப் பலன் தரும் வழி, மின்சாரத்தில் செருகி எஞ்சினைச் சூடாக்கும் பிளாக் ஹீட்டர். டைமர் போட்டுப் புறப்படுவதற்கு இரண்டு மூன்று மணித்தியாலம் முன்பு ஓடவிட்டால் போதும். அப்புறம், ஸ்டார்ட் பண்ணியதும் ஹீட்டர் விசிறியை முழு வேகத்தில் வைக்காதீர்கள். கேபினுக்குள் இருக்கும் ‘ஹீட்டர் கோர்’ என்பதும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான், எஞ்சின் சேர்க்கிற கொஞ்சச் சூட்டையும் அது பிடுங்கிவிடும். கண்ணாடி பனிக்காமல் இருக்கும் அளவுக்கு மட்டும் வைத்து, ஊசி அசைந்த பிறகு கூட்டுங்கள். எக்ஸோஸ்ட் பிரேக் (புகை வெளியேறுவதை மட்டுப்படுத்தி வேகத்தைக் குறைக்கும் பிரேக்) உள்ள டீசல் ராம் என்றால் நிறுத்திச் சூடாக்கும்போது அதைப் போட்டுவிடுங்கள், நல்ல வித்தியாசம் தெரியும். பெட்ரோல் வண்டியை ஒரு நிமிடம் ஓடவிட்டு மெதுவாக எடுத்துக்கொண்டு போவதே நல்லது. வீட்டுக் கராஜுக்குள் மட்டும், கதவு திறந்திருந்தாலும், சூடாக்க வேண்டாம். பின்னால் புகைக்குழாயைப் பனி மூடியிருக்கிறதா என்று சுற்றிவந்து பார்த்துவிட்டு ஏறுங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, வீட்டுக்குள் பிள்ளைகள் படுத்திருப்பார்கள்.

எங்கள் ஊர்க் குளிர் ஒரே சீராக இருப்பதில்லை. ஜனவரி நடுவிலும் திடீரென்று பிளஸ் 6 வரும், மார்ச்சில் சொல்லவே வேண்டாம். வெப்பநிலை பூச்சியத்தைத் தொடும் நாளில் உறையைக் கழற்றி சீட்டுக்குப் பின்னால் போடுங்கள். முழுக்க அடைத்த பலகையோடு யாராவது வந்தால் என்னிடம் கத்தி இருக்கிறது, நடுவில் திறப்பை அளந்து வெட்டித் தருகிறேன். அதற்குக் காசு வாங்குவதில்லை.