நஞ்சு விழுந்த பிறகு

குழந்தை அழும் சத்தம் கேட்டதும் வெளியே நிற்பவர்களுக்கு நிம்மதி. தாய்க்கோ மிக ஆபத்தான நேரம் அப்போதுதான் தொடங்குகிறது.

நிறைமாதக் கருப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கு மேல் ரத்தம் பாய்கிறது. நஞ்சு, அதாவது நஞ்சுக்கொடி, பிரிந்ததும், அது ஒட்டியிருந்த இடத்தில் ரத்தக் குழாய்கள் வாய் திறந்து கிடக்கும். உறைந்து தானாக அடைபடும் என்று காத்திருக்க நேரமில்லை. கருப்பையின் தசைநார்கள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னியவை. குழாய்கள் அந்தப் பின்னலுக்குள் புகுந்துதான் வருகின்றன. தசை சுருங்கும்போது, கயிற்றை இழுத்தால் சுருக்குமடி வலை மூடுவதுபோல, குழாய்கள் நெரிபட்டு மூடிக்கொள்ளும்.

சுருங்காவிட்டால்? இரட்டைக் குழந்தை, நெடுநேர வலி, உள்ளே தங்கிய நஞ்சுத் துண்டு என்று காரணங்கள் பல. உடம்பில் இருக்கும் ரத்தமே ஏறத்தாழ ஐந்து லிட்டர். சிகிச்சை இல்லையென்றால் இரண்டு மணி நேரத்தில் உயிர் போய்விடலாம். இரத்தசோகை இருந்தால் இன்னும் சீக்கிரம்.

அந்த இரண்டு மணி நேரத்தைப் பாம்பன் தீவில் வைத்துப் பாருங்கள். ரயில் பாலம் 1914-ல் வந்தது. சாலைப் பாலம் திறந்ததோ 1988-ல். அதுவரை ராமேஸ்வரத்திலோ தங்கச்சிமடத்திலோ வீட்டில் பிரசவித்தவளுக்கு ரத்தம் நிற்கவில்லை, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்றால் ரயில் வரவேண்டும், இல்லையென்றால் படகு கிடைக்கவேண்டும். பலத்த காற்றடித்தால் இரண்டுமே கிடையாது. 1964 டிசம்பர் புயலில் ரயில் பாலமே சிதைந்துபோனது. அக்கரையில் எவ்வளவு கெட்டிக்கார டாக்டர் இருந்து என்ன?

மருத்துவச்சி அடிவயிற்றை அழுத்தித் தேய்ப்பது வெறும் சம்பிரதாயம் இல்லை. தேய்த்தால் தசை சுருங்கும். குழந்தை பால் உறிஞ்சும்போதும் தாயின் மூளையிலிருந்து ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் சுரந்து கருப்பையை இறுக்கும். சீம்பால் ஆகாது என்று சர்க்கரைத் தண்ணீர் புகட்டிய வீடுகளில் அந்தச் சின்ன உதவியும் போயிற்று. எப்படியும், முற்றிலும் தளர்ந்துபோன கருப்பைக்கு இவை மட்டும் போதாது.

அதே ஆக்ஸிடோசினை 1953-ல் ஆய்வகத்தில் உருவாக்கினார் அமெரிக்க விஞ்ஞானி வின்சென்ட் டு வின்யோ. 1955-ல் நோபல் பரிசு பெற்றார். இன்று பிரசவ வார்டில் குழந்தை பிறந்த உடனே, ரத்தப்போக்கு வருமுன்பே, தாய்க்குப் போடும் ஊசி அதுதான். ஆனால் அதை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்கவேண்டும். வெயிலில் கிடந்தால் வீரியம் குறையும். மின்சாரம் அடிக்கடி போகிற ஊரில் இது சின்ன விஷயமில்லை. அதே வேலையைச் செய்யும், சூடு தாங்கும் கார்பெட்டோசின் என்ற மருந்து இப்போது வந்திருக்கிறது. அதை 30 டிகிரி வரை வெளியிலேயே வைக்கலாம் என்கிறார்கள். சரி, சித்திரை மாதம் பாலத்துக்கு அக்கரையில் இருக்கும் மண்டபம் ஊர்ப்பக்கம் 30 டிகிரிக்கும் ஃபிரிட்ஜ்தான் வேண்டும்.