அதே மிக்சிதான், ஏன் இன்னும் பழகவில்லை?

தேனியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பேரனுக்கு ஆறு வயது. ஆட்டிசம் என்று மருத்துவர் சொல்லி இரண்டு வருடம் ஆகிறது. சட்னி அரைக்க மிக்சியைப் போட்டால் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் புகுந்துவிடுகிறானாம். “அவன் பிறந்ததிலிருந்து வீட்டில் அதே மிக்சிதான். இன்னுமா பழகவில்லை? செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டீர்கள் என்கிறார்கள் அக்கம்பக்கத்தில்” என்று கேட்கிறார்.

2007இல் ஐ.நா. பொதுச்சபை ஏப்ரல் 2ஐ ஆட்டிச விழிப்புணர்வு நாளாக அறிவித்தது. ஆண்டுதோறும் அன்று கட்டடங்களில் நீல விளக்கு எரிகிறது. அந்த விளக்குகளைவிட இந்தப் பாட்டியின் கேள்வி எனக்கு முக்கியமாகப் படுகிறது. பழகுவது என்கிறாரே, அது மூளைக்குள் எப்படி நடக்கிறது?

காது வரைக்குமான கதை பள்ளியில் படித்ததுதான்: செவிப்பறை, மூன்று குட்டி எலும்புகள், நத்தைக்கூடு, நரம்பு. அதற்குப் பின்னால்தான் வேடிக்கை. இப்போது உங்கள் தலைக்கு மேல் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தால், இந்த வரிக்கு வரும்வரை அதன் சத்தத்தை நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். காது தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தது. மூளைதான் “தெரிந்த செய்தி” என்று ஓரமாகப் போட்டுவிட்டது.

எரிக் காண்டெல் என்ற அமெரிக்க நரம்பியல் அறிஞர் இதை ஒரு கடல் நத்தையிடம் படித்தார். ஏப்ளிசியா என்று பெயர். மொத்தமே சுமார் 20,000 நரம்பணுக்கள். அதன் நீர்க்குழாயை லேசாகத் தொட்டால் செவுளை உள்ளிழுத்துக்கொள்ளும். மறுபடி தொட்டால் கொஞ்சம் குறைவாக இழுக்கும். பத்துத் தடவை ஆவதற்குள் ஏறக்குறைய கண்டுகொள்வதே இல்லை. தொடுகையை உணரும் நரம்பணு, அடுத்த அணுவுக்குத் தெளிக்கும் வேதிப்பொருளின் அளவு ஒவ்வொரு முறையும் குறைந்துகொண்டே போகிறது. இது களைப்பு இல்லையா என்று கேட்கலாம். இல்லை. வாலில் ஒரு மின் அதிர்ச்சி கொடுத்துவிட்டுத் தொட்டால் செவுள் பழையபடி விசுக்கென்று உள்ளே போகிறது. நினைவு நரம்பணுக்களில் எப்படிப் பதிகிறது என்பதைக் காட்டிய இந்த வரிசை ஆய்வுகளுக்காகக் காண்டெலுக்கு 2000இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. நத்தையைத் தொட்டுக்கொண்டிருக்கிற ஆளுக்கு நம் ஊரில் யார் நிதி கொடுத்திருப்பார்கள் என்று அவ்வப்போது யோசிப்பேன்.

மனித மூளை இன்னும் ஒரு படி மேலே போகிறது. நள்ளிரவில் மின்சாரம் போய் மின்விசிறி நின்றதும் விழித்துக்கொள்கிறோமே, அப்போது நம்மை எழுப்பியது எது? சத்தம் எதுவும் வரவில்லை. இருந்த சத்தம் நின்றதுதான் எழுப்பியது. அப்படியானால் தூங்கும்போதும் யாரோ உள்ளே “அடுத்து இதுதான் வரும்” என்று கணக்கு வைத்துக்கொண்டிருந்தார்கள் என்றுதானே பொருள்? சீராக ‘டிக் டிக்’ என்று ஒலிக்கவிட்டு நடுவில் ஒன்றை விட்டுவிட்டால், வராத அந்த ஒலிக்கும் மூளையின் மின்னலைகளில் ஓர் அசைவு பதிவாகிறது. எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் புல்லரிக்கும். மூளை உலகத்தை முன்கூட்டியே ஊகித்து, ஊகத்துக்கும் வந்ததற்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் பெரிதாக எடுத்துக்கொள்கிறது. நம்மை நாமே கிச்சுக்கிச்சு மூட்டிக்கொள்ள முடியாததும் இதனால்தான். 1998இல் லண்டனில் சாரா ஜெய்ன் பிளேக்மோரும் சகாக்களும் இதை மூளைப் படங்களில் பார்த்தார்கள். நம் கையின் அசைவு நமக்கே முன்கூட்டித் தெரிவதால் அந்தத் தொடுகையை மூளை தணித்துவிடுகிறது.

இனி தேனிக்கு வருவோம். 2015இல் லாஸ் ஏஞ்சல்ஸில் ஷூலமைட் கிரீன் என்பவரின் குழு, ஆட்டிசம் உள்ள சிறுவர்களுக்குப் போக்குவரத்து இரைச்சலைக் கேட்கவைத்து, கையில் சொரசொரப்பான கம்பளியால் தேய்த்து, மூளையைப் படமெடுத்தது. மற்றச் சிறுவர்களின் அமிக்டலா, அதாவது அபாய மணி அடிக்கும் பகுதி, சிறிது நேரத்தில் அடங்கியது. புலன்கூர்மை மிகுந்த ஆட்டிசச் சிறுவர்களிடம் அது அவ்வளவு எளிதில் அடங்கவில்லை. அவர்கள் மூளையில் ஊகத்தின் பிடி தளர்வாக இருப்பதால் உலகம் ஒவ்வொரு முறையும் புதிதாக வந்து விழுகிறது என்பது லிஸ் பெலிகானோ, டேவிட் பர் என்ற இரு ஆய்வாளர்கள் 2012இல் முன்வைத்த கருத்து. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பவன் சின்ஹா 2014இல் இதற்கு நெருங்கிய ஒன்றைச் சொன்னார். இவை கருதுகோள்கள், முடிந்த தீர்ப்பு என்று நான் சொல்லமாட்டேன். ஆட்டிசம் உள்ள எல்லாருக்கும் சத்தம் வலிக்கும் என்பதும் இல்லை. சிலருக்குச் சுட்டாலும் உறைப்பதில்லை.

ஆனாலும், ஆயிரமாவது முறை போடும் மிக்சி அந்தப் பையனுக்கு முதல் முறை போலவே இருக்கக்கூடும் என்று தெரிந்தபின், செல்லம் என்ற பேச்சை அக்கம்பக்கத்தார் எடுக்காமல் இருக்கலாம். தாய் அன்பு காட்டாததால் ஆட்டிசம் வருகிறது என்று அமெரிக்காவில் ஒரு காலத்தில் மருத்துவ உலகமே தாய்களைப் பழித்தது. அங்கே குளிர்ந்த மனம், இங்கே அதிகச் செல்லம். குற்றவாளி மட்டும் மாறுவதில்லை. தாயத்துக் கட்டுகிறவரைக்கூட ஒருவாறு பொறுத்துக்கொள்வேன், செலவு குறைவு. ஆட்டிசத்தைக் குணமாக்குவதாகச் சொல்லி லட்சக்கணக்கில் பணம் வாங்கிக்கொண்டு ஸ்டெம் செல் ஊசி போடுகிறவர்களை என்னால் பொறுக்க முடிவதில்லை.

பிரிட்டனில் ஆட்டிச ஆய்வு நிதி எங்கே போகிறது என்று அதே பெலிகானோ கணக்கெடுத்தபோது, பாதிக்கும் மேல் உயிரியலுக்கும் மூளை, அறிதிறன் ஆய்வுக்கும் போயிருந்தது. அன்றாட வாழ்க்கையை எளிதாக்கும் ஆய்வுகளுக்கு மிச்சம்மீதி. மூளைப் படங்களை இவ்வளவு ரசித்து எழுதிவிட்டு இதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

பாட்டிக்கு: பிடித்து உட்காரவைத்து “கேட்டுப் பழகு” என்று மிக்சியைப் போடாதீர்கள். அது நத்தையின் வாலில் அதிர்ச்சி கொடுக்கிற வேலை. போடுவதற்கு முன் சொல்லுங்கள். மூன்று வரை சேர்ந்து எண்ணுங்கள். அவனுக்கு விருப்பமிருந்தால் சுவிட்சை அவனே போடட்டும், கிச்சுக்கிச்சுக் கணக்கு இங்கேயும் உதவலாம். காதை மூடும் கருவி கடையில் கிடைக்கிறது. கண்ணாடி போடுவது போல அதையும் சாதாரணமாகப் போட்டுக்கொள்ளட்டும்.

அடுத்த மாதம் வீட்டில் கல்யாணம், அழைத்துப்போகலாமா என்றும் கேட்டிருக்கிறார். தாராளமாக. முந்தின நாளே, ஆட்கள் வருமுன், மண்டபத்தைச் சுற்றிக் காட்டிவிடுங்கள். ஒலிபெருக்கிக்குத் தள்ளி வாசல் ஓரமாக இடம் பிடியுங்கள். கெட்டிமேளம் எப்போது வரும் என்று அவனிடம் சொல்லி வையுங்கள். கூட்டத்தில் எல்லாருக்கும் அது முன்கூட்டித் தெரியும், அவனுக்குத்தான் யாரும் சொல்வதில்லை. அப்படியும் அவன் வெளியே ஓடினால் யாராவது ஒருவர் கூடவே போங்கள். தாலி கட்டுவதை வீடியோவில் பார்த்துக்கொள்ளலாம்.