தவளைக்கு முன்பே தெரிந்த தந்திரம்

"வலி நீக்கும் மார்ஃபின் மாதிரி ஒன்று நம் மூளையிலேயே சுரக்கிறதாமே, அதையே ஊசியாகப் போட்டால் என்ன?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். போடலாம், ஆனால் நிற்காது.

1975-இல் ஸ்காட்லாந்தின் அபர்தீனில் ஜான் ஹியூஸும் ஹான்ஸ் காஸ்டர்லிட்ஸும் பன்றி மூளையிலிருந்து அந்தச் சுரப்பை, என்கெஃபலினை, பிரித்தெடுத்தார்கள். அதைக் கண்டுகொள்ள உதவியவற்றில் ஒன்று கினிப்பன்றியின் சிறுகுடல் துண்டு. வெதுவெதுப்பான உப்புக் கரைசலில் தொங்கவிட்டு லேசாக மின்சாரம் கொடுத்தால் துடித்துக்கொண்டே இருக்கும். மார்ஃபின் விட்டால் அடங்கும், மார்ஃபினைத் தடுக்கும் மருந்தான நாலாக்ஸோன் விட்டால் மறுபடி துடிக்கும். மூளைச் சாறும் அப்படியே செய்தது. இன்றைக்கு இதற்கு நிதி கேட்டுப் போனால், குடல் துடித்து நாட்டுக்கு என்ன ஆகப்போகிறது என்று கோப்பை மூடிவிடுவார்கள் என்றுதான் தோன்றுகிறது.

சரி, என்கெஃபலின் என்பது ஐந்தே அமினோ அமிலம் கோத்த சரம். முதலில் டைரோசின், அடுத்து கிளைசின். இந்த இரண்டுக்கும் நடுவில் நொதிகள் கத்தரித்துவிடும், சில நிமிடங்களில் கதை முடிந்தது.

இங்கேதான் எனக்குப் பிடித்த இடம். நம் புரதங்களில் வரும் அமினோ அமிலங்கள் எல்லாம் இடதுகால் செருப்பு மாதிரி ஒரே பக்கத்து வடிவம். கிளைசினுக்கு மட்டும் இடம் வலம் கிடையாது. அந்த இரண்டாம் கிளைசினை எடுத்துவிட்டு அலனைன் என்ற இன்னோர் அமினோ அமிலத்தின் கண்ணாடிப் பிம்பமான டி-அலனைனை வைத்தால், வலதுகால் செருப்பில் இடதுகாலை நுழைப்பதுபோல நொதிக்குப் பிடி கிடைக்காது, ஆனால் ஏற்பியில் (நரம்பு செல்லில் அது வந்து ஒட்டும் இடம்) தன் பாட்டுக்குப் போய் உட்காரும். 1976-லேயே இதைச் செய்து பார்த்துவிட்டார்கள். அப்புறம் வந்த டாம்கோ (DAMGO) என்ற செயற்கைச் சரத்திலும் இதே மாற்றம் உண்டு. மார்ஃபின் வகைப் பொருள்கள் ஒட்டும் ஓபியாய்டு ஏற்பிகளில் மியூ, டெல்டா, கப்பா என்று மூன்று முக்கிய வகை இருக்க, டாம்கோ பெரும்பாலும் மியூவை மட்டுமே தேடிப் போகும். அதனால் மூளைச் சீவலில் டாம்கோ விட்டதும் ஒரு நியூரான் அடங்கி, நாலாக்ஸோன் விட்டதும் மீண்டால், அந்த நரம்புச் சுற்றில் மியூ இருக்கிறது என்பதற்கு நல்ல தடயம்.

1981-இல் இத்தாலியில் எர்ஸ்பாமர் என்ற ஆய்வாளரின் குழு ஒரு தென்னமெரிக்க மரத்தவளையின் தோலிலிருந்து, மார்ஃபின் மாதிரியே வேலை செய்யும் டெர்மார்ஃபினை எடுத்தது. ஏழு அமிலச் சரம். முதலில் அதே டைரோசின், இரண்டாம் இடத்தில் அதே டி-அலனைன்! (இதன் இனத்தவளை ஒன்றின் தோல் சுரப்பைச் சூடுபோட்ட புண்ணில் பூசி 'நச்சு நீக்கம்' என்று காசு பார்க்கும் கூட்டமும் இருக்கிறது, உயிர் போன பிறகும் நிற்கவில்லை.)

தவளையின் மரபணுவைப் படித்தால் அந்த இடத்தில் சாதாரண அலனைனுக்கான எழுத்துதான் இருக்கிறது. சரம் கட்டி முடித்த பிறகு, ஒரு நொதி வந்து அந்த ஒன்றை மட்டும் புரட்டிப் போடுகிறது.